“பரையா” என்னும் இங்கிலீஷ் அடைமொழி

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்தபோது, மடியிலிருந்து ஓர் இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். வெளிநாட்டு அரசாங்கம் ஒன்றைப் பற்றி அதில் “பரையா ஸ்டேட்” என்று எழுதியிருந்தது. அவர் மகன் படிக்கும் வகுப்பில் இதை வாசிக்கச் சொல்லி, “எல்லாராலும் வெறுத்து ஒதுக்கப்பட்ட என்று அர்த்தம், எழுதிக்கொள்ளுங்கள்” என்றாராம் ஆசிரியர். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். சேரியிலிருந்து வரும் ஒரு பையன் மட்டும் எழுதவில்லையாம், தலையைக் குனிந்துகொண்டானாம். “இது நம் ஊர் ஜாதிப் பெயர்தானே? இங்கிலீஷ்காரனுக்கு எப்படிக் கிடைத்தது?” என்று மகன் கேட்க, பதில் தெரியாமல் தோழர் நம்மிடம் வந்தார்.

ஆசிரியர் பொய் சொல்லவில்லை. அகராதியில் உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அகராதிக்கு அந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

பறை என்பது தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருளுண்டு. பறையன் என்ற பெயர் புறநானூற்றிலே மதிப்புள்ள குடிப் பெயர்களில் ஒன்றாக வருகிறது. இந்தப் பெயரைப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் ஏடுகளில் குறித்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் அது இங்கிலீஷில் ஏறியது. பிரெஞ்சுக்காரர் 1821இல் அதே பெயரில் ஒரு நாடகமே போட்டார்கள். போகப் போக அது மக்களின் பெயராக இல்லாமல் அடைமொழியாகிவிட்டது. தெருவில் திரியும் நாய்க்கு அந்த அடைமொழி, குப்பை கிளறும் பருந்துக்கு அந்த அடைமொழி, மட்டமான சாராயத்துக்கும் அதுவே! 1886இல் வெளிவந்த “ஹாப்சன் ஜாப்சன்” என்னும் சொல் அகராதியைப் புரட்டினால் இவையெல்லாம் வரிசையாக இருக்கின்றன.

“சொல் கடல் கடந்து போய் வேறு பொருள் பெற்றுவிட்டது, இனி அதற்கும் ஜாதிக்கும் சம்பந்தமில்லை” என்று சில பண்டிதர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். லண்டனில் இருப்பவனுக்கு அது சரியாயிருக்கலாம். காஞ்சீபுரத்துப் பள்ளிக்கூடத்தில் அது எப்படிச் சரியாகும்? நாம் ஒன்று கேட்கிறோம். அந்த நாய்க்கு “முதலியார் நாய்” என்றும், அந்தப் பருந்துக்கு “அய்யங்கார் பருந்து” என்றும் வெள்ளைக்காரன் பேர் வைத்திருந்தால், இந்தப் பண்டிதர்கள் இதே சமாதானத்தைச் சொல்லுவார்களா? நாமத்தின் அடியில் பாதம் உண்டா இல்லையா என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறிய ஊரல்லவா இது! நெற்றிக் கோட்டுக்கு இருக்கும் மானம் மனிதன் பெயருக்கு இல்லையா?

இது நிற்க. இங்கிலீஷ்காரனை மட்டும் திட்டிவிட்டு நாம் நல்லவராகிவிட முடியாது. “ஒதுக்கப்பட்ட” என்கிற அர்த்தத்தை அவன் கற்பனை செய்யவில்லை. நம் தெருக்களில் கண்ணால் கண்டதை எழுதினான். குளத்தில் இறங்கவிடாமலும் கோவிலில் நுழையவிடாமலும் வைத்திருந்தது யார்? இன்றைக்கும் பிள்ளை சட்டையை அழுக்காக்கிக்கொண்டு வந்தால் எந்தப் பெயரைச் சொல்லி வைகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 2015 திருத்தமும், பொதுவிடத்தில் தாழ்த்தப்பட்டவரை ஜாதிப் பெயர் சொல்லி வைவதைக் குற்றமாக்கியிருக்கின்றன. அதே பெயர் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு பத்திரிகையில் வந்தால் மட்டும் அது இலக்கியமாம்!

அப்படியானால் அந்தச் சொல்லை எங்குமே உச்சரிக்கக் கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. காஞ்சீபுரத்தையும் உள்ளிட்ட அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டராயிருந்த டிரமன்ஹீர், 1891இல் இம்மக்களின் கஷ்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கிய உத்தரவுக்கு அதுவே வழி செய்தது. அந்த அறிக்கையின் தலைப்பில் இந்தப் பெயர்தான் இருக்கிறது. அதை அழித்தால் சரித்திரம் பொய்யாகும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் “பறையன்” என்றே பத்திரிகை நடத்தினார். எதைச் சொல்லி இகழ்ந்தார்களோ அதையே தலையில் தூக்கி வைத்துக்கொள்வது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயரே பிறர் சுமத்தியது என்று மறுத்து, ஆதித்தமிழர் என்றார். எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் சர்க்கார் ஏடுகளில் ஆதிதிராவிடர் என்று மாற்றச் செய்தார். இவர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் மூவரும் அந்த மக்களில் ஒருவராக நின்று, தம் பெயரைப் பற்றித் தாமே தீர்ப்புச் சொன்னார்கள். அந்த உரிமை அவர்களுடையது. பக்கத்துத் தெருக்காரனுக்கும் இல்லை, பத்திரிகை ஆசிரியனுக்கும் இல்லை.

சரித்திரத்தைச் சொல்லும்போதும், பழைய நூலின் பெயரைச் சொல்லும்போதும், அம்மக்களே விரும்பிச் சூட்டிக்கொள்ளும்போதும் அந்தப் பெயர் இருக்கட்டும். அரசாங்கத்தை ஏச வேண்டுமா? ஒதுக்கப்பட்ட நாடு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? நாயை நாட்டு நாய் என்போம். பருந்தைப் பறவை நூல்காரர்களே இப்போது கரும்பருந்து என்றுதான் எழுதுகிறார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தபோது, உயர்வு காட்டும் வால்களை வெட்டுவதே பெரிய காரியமாயிருந்தது. இழிவு காட்டும் வால் நாய்க்கும் பருந்துக்கும் ஒட்டியிருப்பதை அன்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நெசவுத் தோழர் திங்கட்கிழமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறார். சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் அகராதியை நம்பியவர்தான் என்றோம். தனியாகவும் போக வேண்டாம், தலை குனிந்த அந்தப் பையனின் தகப்பனாரை முதலில் போய்ப் பாருங்கள், அவர் சம்மதித்தால் கூட அழைத்துக்கொண்டு போங்கள் என்றும் சொல்லியனுப்பினோம். அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறதென்று தமக்குத் தெரியாது, மகனைத்தான் கேட்க வேண்டும் என்றார் தோழர்.