கணக்கு ஊருக்குத் திரும்பட்டும்!

1991-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அப்போது நாமக்கல்லும் சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. ஆறு வயது வரை உள்ள குழந்தைகளைத் தனியே எண்ணினார்கள். ஆண் குழந்தைகள் ஆயிரம் என்றால், பெண் குழந்தைகள் 849 தான்! இயற்கையாக விட்டிருந்தால் 950 அளவுக்காவது இருக்க வேண்டும்.

மீதிப் பெண் குழந்தைகள் எங்கே?

பதில் ஊருக்குத் தெரியும். கள்ளிப்பால் என்றால் என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. முதல் பெண் வளரட்டும், இரண்டாவது பெண் வேண்டாம் என்றார்கள். நகைக்கும் சீருக்கும் பயந்தார்கள். வெளியே மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

1992-ல் அரசாங்கம் சேலத்தில் தொட்டில் குழந்தை திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். பல உயிர்கள் பிழைத்தன. நல்ல காரியம்தான். ஆனால் தொட்டில் குழந்தையைக் காப்பாற்றும். பெற்றவர்களின் மனதை அது மாற்றாது.

இந்தச் சமயத்தில்தான் படித்தவர்கள் இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள். ஒருவர் பாரதிதாசன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஆத்ரேயா. இன்னொருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத். ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பிறந்த குழந்தை இறந்தால், காரணத்தைக் கிராம நர்சு எழுத வேண்டும். பல இடங்களில் "சமூகக் காரணம்" என்று எழுதியிருந்தது!

கொலை என்று எழுத நர்சுக்குத் தைரியம் இல்லை. காய்ச்சல் என்று பொய் எழுத மனமும் இல்லை. பாவம், அவரும் அதே ஊரில்தானே நடமாட வேண்டும்!

அந்த இரண்டு சொற்களைக் கூட்டிப் பார்த்தபோது, தமிழ்நாட்டில் 1995-ம் ஆண்டில் மட்டும் 3 ஆயிரத்துக்கு மேல் கணக்கு வந்தது. 1997-ல் அதை வெளியிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால், அது இன்னொரு புத்தகமாக அலமாரியில் கிடந்திருக்கும். அவர்கள் விடவில்லை. பக்கத்து ஜில்லா தர்மபுரி, 1965 வரை சேலத்தோடு இருந்த பூமி. அங்கே 1997 முதல் 1999 வரை, டென்மார்க் நாட்டு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், அந்தக் கணக்கு நாடகமாகவும் பாட்டாகவும் ஊர் ஊராகப் போனது. மாமியாரும் மருமகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். குழந்தைச் சாவுகள் அங்கே குறையத் தொடங்கின.

சேலத்தின் கதை அவ்வளவு வேகமாக மாறவில்லை. நாமக்கல் பிரிந்த பிறகு 2001-ல் எண்ணியபோது 851. பத்து ஆண்டில் இரண்டே இரண்டு! கள்ளிப்பால் செய்த வேலையை ஸ்கேன் செய்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொன்னவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 2011-ல்தான் கணக்கு 900-ஐத் தாண்டியது.

இன்று கல்லூரிப் பிள்ளைகள் கேள்வித்தாளோடு வீடு தேடி வருகிறார்கள். எத்தனை பிள்ளைகள், எங்கே பிரசவம், எத்தனை குழந்தை இறந்தது என்று கேட்கிறார்கள். தறியை நிறுத்திவிட்டு ஒரு தாய் பதில் சொல்கிறாள். சொல்லும்போது அழுகிறாள். பிறகு என்ன? நகரத்தில் கருத்தரங்கு நடக்கிறது. பொன்னாடைக்குப் பஞ்சம் இல்லை. கட்டுரையை இங்கிலீஷில் படிக்கிறார்கள். அழுத தாய்க்கு மட்டும் அழைப்பு இல்லை.

அவள் சொன்ன கணக்கை அவளுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், வீட்டு அடையாளம் வேண்டாம். இந்த ஊரில் இத்தனை ஆண், இத்தனை பெண் என்று தமிழில் படித்தால் போதும். பட்டம் வாங்கும் மாணவரே வந்து படிக்கட்டும். பக்கத்தில் கிராம நர்சு நிற்கட்டும். இதற்குத் தனிக் கூட்டமும் வேண்டாம், செலவும் வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மைக்கும் நாற்காலியும் அன்று எப்படியும் போட்டிருப்பார்கள்.