துபாயில் பேத்திக்கு எந்தப் பள்ளி?

கோவையில் முப்பத்திரண்டு வருஷம் நூற்பு மில்லில் உழைத்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வந்தார். கையில் செல்போன். துபாயில் ஏ.சி. கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மகன் எழுதியிருந்தான்: "அப்பா, பாப்பாவுக்கு ஐந்து வயசு ஆகிறது. பிரிட்டிஷ் பள்ளியில் போடவா, இந்தியப் பள்ளியில் போடவா? இங்கே எல்லோரும் பிரிட்டிஷ் என்கிறார்கள்."

மில்லுக்கும் வயலுக்கும் போகிற நமக்கு இதில் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள்தானே அங்கே போயிருக்கிறார்கள்! கடன் வாங்கி அனுப்பியதும் நாம்தான். ஆகவே விஷயத்தைத் தீர விசாரித்தோம்.

துபாயில் சர்க்கார் பள்ளிகள் பிரதானமாக அந்நாட்டுக் குடிமக்களின் குழந்தைகளுக்கானவை. பிழைக்க வந்தவர்கள் பணம் கட்டித் தனியார் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அந்தத் தனியார் பள்ளி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். அடுத்த இடம் இந்தியப் பாடத்திட்டத்துக்கு. பிரிட்டிஷ் திட்டத்தில் 16 வயதில் ஐ.ஜி.சி.எஸ்.இ. பரீட்சை, 18 வயதில் ஏ லெவல். கடைசி இரண்டு வருஷம் பெரும்பாலும் மூன்றே பாடம், ஆனால் ஆழமான படிப்பு. மனப்பாடத்தைவிட யோசித்து எழுதுவதற்கு மார்க் அதிகம். இது நல்ல ஏற்பாடுதான். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் விலை? மேல்வகுப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் திர்ஹாமைத் தாண்டும் பள்ளிகள் அங்கே உண்டு. நம் கணக்கில் 20 லட்ச ரூபாய்க்கு மேல்! அதே ஊரில் 10,000 திர்ஹாமுக்கும் கீழே வாங்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் உண்டு. பெரிய உத்தியோகத்தில் வரும் துரைமார்களில் பலருக்குப் பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டுகிறது. அவர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்ப்பார்கள். நம் தோழரின் மகனுக்கோ கம்பெனி ஒரு காசு தருவதில்லை. அவன் தன் சம்பளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெயரைக் கண்டு மயங்குவது இன்னொரு ஆபத்து. நேரு படித்த ஹாரோ பள்ளியின் பெயரில் 1998-ல் பாங்காக்கில் ஒரு பள்ளி எழுந்தது. ரெப்டன் என்ற பழைய ஆங்கிலப் பள்ளியின் பெயரில் 2007-ல் துபாயில் ஒன்று திறந்தார்கள். பெயர் இங்கிலாந்திலிருந்து வருகிறது. பள்ளியைக் கட்டுவதும் நடத்துவதும் பல இடங்களில் உள்ளூர் மூலதனம். கேரளத்திலிருந்து போன ஒரு உபாத்தியாயர் தம்பதி 1968-ல் துபாயில் தொடங்கிய சிறு பள்ளிதான் இன்று ஜெம்ஸ் என்ற பெரிய கம்பெனி. 2024-ல் புரூக்ஃபீல்ட் என்ற கனடா நாட்டு நிறுவனத்தின் தலைமையில் பணமுதலைகள் கூடி அதில் 200 கோடி டாலர் வரை போட்டார்கள். குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் ஆசையிலா போட்டார்கள்?

எனில், எதைப் பார்ப்பது? துபாய் சர்க்காரின் கல்வி ஆணையம் 2008 முதல் தனியார் பள்ளிகளைச் சோதித்து, தரம் பிரித்து அறிக்கை வெளியிட்டு வந்தது. யாரும் படிக்கலாம். 2024-25-ல் புதுப் பள்ளிகள் நீங்கலாக முழுச் சோதனையை நிறுத்திவைத்தார்கள். ஆகவே அறிக்கையின் வருஷத்தை முதலில் பார்க்க வேண்டும். பழைய பட்டத்தை வாசலில் மாட்டியிருப்பார்கள்.

அந்த அறிக்கைகள் பலவற்றில் ஒரு சிறு எண் இருக்கும்: ஒரு வருஷத்தில் எத்தனை சதவிகித உபாத்தியாயர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்பது. நம்மைக் கேட்டால், தரப் பட்டத்தைவிட இந்த எண்தான் முக்கியம். ஆள் நிற்காத மில்லைப் பற்றி நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? கூலியும் மரியாதையும் சரியாக இருந்தால் ஆள் ஏன் ஓடுகிறான்? வருஷா வருஷம் உபாத்தியாயர் மாறினால் குழந்தை யாரிடம் படிக்கும்?

அடுத்தது, திரும்பி வருகிற பாதை. வேலை போனால் விசா போகும். சில மாத அவகாசத்தில் மூட்டை கட்ட வேண்டும். ஐ.ஜி.சி.எஸ்.இ. இரண்டு வருஷப் படிப்பு. நடுவில் அறுந்தால் கோவையில் ஒட்டுவது கஷ்டம். பரீட்சையை முடித்துவிட்டால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் டாக்டர் படிப்புக்கு நீட் பரீட்சை உண்டே! அதற்கான பாடம் நம் நாட்டுப் பாடப் புத்தகங்களை ஒட்டியது. பிரிட்டிஷ் பள்ளியில் படித்த பிள்ளை அதைத் தனியாகப் படித்தாக வேண்டும். பிரிட்டிஷ் பள்ளி செப்டம்பரை ஒட்டித் தொடங்கும், இந்தியப் பள்ளி ஏப்ரலில். மாறினால் மாதங்கள் வீணாகும். அரபு மொழி அரபியர் அல்லாத குழந்தைகளுக்கும் கட்டாயப் பாடம், நல்லது, படிக்கட்டும். தமிழை வீட்டில் தாய்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

இவ்வளவும் குடும்பத்தோடு வாழக் கொடுத்துவைத்தவர்களின் கவலை. அந்த நாட்டில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி, குடும்பத்தை அழைத்துவர மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000-மும் கம்பெனி வீடும் வேண்டும். 4,000 என்றால் வருஷத்துக்கு 48,000. பெரிய பள்ளியில் ஒரு குழந்தையின் ஒரு வருஷக் கட்டணத்தில் பாதிகூட இல்லை! அதற்கும் கீழே வாங்கும் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் முகாமில் கட்டில் மேல் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். அந்தப் பள்ளிகளுக்குச் சுவர் எழுப்பியவர்கள் அவர்கள்தாம். அவர்களுடைய குழந்தைகள் ராமநாதபுரத்திலும் பெரம்பலூரிலும் அப்பன் முகத்தைப் போனில் பார்த்துக்கொண்டு பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்குப் போகின்றன. அவர்களை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யாரும் கேட்பதில்லை.

தோழருக்கு நாம் சொன்னது இதுதான்: கம்பெனி கட்டணம் தராதவரை இந்தியப் பள்ளி; அதிலும் அறிக்கையைப் படித்து, உபாத்தியாயர் நிலைத்து நிற்கும் பள்ளி. மகனுக்கு அப்படியே எழுதச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, "மருமகள்தான் பிரிட்டிஷ் என்கிறாள், அவளிடம் யார் சொல்வது?" என்றார். மறுபடியும் உட்கார வைத்து, சம்பளக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் கொடுத்தோம். அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.