வரம்பு மீறிய எண்ணை ஜாவா மறைக்கலாமா?

ஒரு நாளில் எத்தனை மைக்ரோ விநாடிகள்? 24 × 60 × 60 × 1000 × 1000 என்று பெருக்கினால் 8,640 கோடி. இதே பெருக்கலை ஜாவா மொழியில் எழுதி, மிகப்பெரிய எண்களையும் தாங்கும் ‘லாங்’ வகை மாறியில் போட்டு வைத்தால், அதில் இருப்பது 50,06,54,080. பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. ஜோஷுவா பிளாக்கும் நீல் காஃப்டரும் 2005-இல் வெளியிட்ட ‘ஜாவா பஸ்லர்ஸ்’ புத்தகத்தில் இந்தக் கணக்கு இடம்பெற்றிருக்கிறது. அந்த விடையை ஒரு நாளின் மில்லி விநாடிகளால் வகுத்தால் 1000 வர வேண்டும். நிரல் அச்சிடுவதோ 5.

லாங் மாறியில் இடம் தாராளமாக இருக்கிறது. சிக்கல் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஜாவாவில் சாதாரணமாக எழுதப்படும் முழு எண் ‘இன்ட்’ வகையைச் சேர்ந்தது. அதற்கு 32 பிட் மட்டுமே இடம், உச்சவரம்பு 214,74,83,647. பெருக்கப்படும் ஐந்து எண்களும் இன்ட் என்பதால் விடையும் இன்ட் ஆகவே கணக்கிடப்படுகிறது. எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதை ஜாவா அப்போது பார்ப்பதில்லை. பெருக்கி முடித்து, மேல் பிட்டுகள் உதிர்ந்து போன பிறகுதான் மிச்சத்தை லாங் ஆக மாற்றுகிறது. பழைய ஸ்கூட்டர்களின் கிலோமீட்டர் மானி 99999-ஐத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் போன்றதுதான் இது. ஜாவாவில் இன்ட் எண் உச்சத்தைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குக்கூட அல்ல, நேராக எதிர்மறையின் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது.

இதைப் பணத்தில் வைத்துப் பார்த்தால்தான் தீவிரம் புரியும். பணப் பரிமாற்ற மென்பொருள்கள் பலவற்றில் தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைப்பது வழக்கம். தசமப் புள்ளியால் வரும் பிழைகளைத் தவிர்க்க அது நல்ல வழி. ஆனால் அந்த எண் இன்ட் வகையில் இருந்தால் 2,14,74,836 ரூபாய் 47 பைசாதான் எல்லை. ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டு வரவே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் ஒரு பைசா சேர்ந்தாலும் இருப்பு முழுவதும் கடனாக மாறித் தெரியும்.

ஜாவா சில இடங்களில் கண்டிப்பாகவும் இருக்கிறது, அதனால் குழப்பம் கூடுகிறது. ‘ஷார்ட்’ என்ற 16 பிட் மாறியுடன் ஒன்றைக் கூட்டி, அதே மாறியில் வழக்கமான முறையில் போட முயன்றால் தொகுப்பான் மறுத்துவிடும். கூட்டல் விடை இன்ட் ஆகிவிட்டது, சிறிய மாறியில் கொள்ளாது என்று சொல்லும். அதையே கூட்டல் குறியையும் சமக் குறியையும் சேர்த்த சுருக்க வடிவில் எழுதினால் சத்தமின்றி ஏற்றுக்கொள்ளும். கொள்ளாததை வெட்டியும் விடும். ஒரே வேலைக்கு இரண்டு சட்டம். இந்தச் சுருக்க வடிவத்துக்கு எச்சரிக்கை தரும் வசதி 2023 மார்ச்சில் வந்த ஜாவா 20-இல்தான் சேர்ந்தது. அதையும் நாமே கேட்டு இயக்க வேண்டும்.

இவையெல்லாம் பிழைகள் அல்ல, மொழியின் விதிகளே இப்படித்தான் என்பார்கள் ஜாவா வல்லுநர்கள். உண்மைதான். சி மொழியில் இன்ட் எவ்வளவு பெரியது என்பது கணினிக்குக் கணினி மாறக்கூடிய நிலையில், எந்த இயந்திரத்திலும் அது 32 பிட்தான் என்று ஜேம்ஸ் காஸ்லிங்கின் குழு வரையறுத்தது பெரிய நன்மை. ஆனால் மீதியை நிரலர் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

கவனத்தால் மட்டும் இதைத் தடுக்க முடியாது என்பதற்கு ஜாவாவின் சொந்த நூலகமே சாட்சி. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேடும் இருகூறு தேடல் முறைக்கான நிரலை அதில் எழுதியவர் அதே ஜோஷுவா பிளாக். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடிப்பது வழிமுறை. அந்தக் கூட்டல் இன்ட் வரம்பைத் தாண்டினால் நடு எதிர்மறையாகிவிடும். ஏறத்தாழ 107 கோடி உறுப்புகளைத் தாண்டிய பட்டியலில்தான் இது வெளிப்படும் என்பதால், சுமார் ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. ஜான் பென்ட்லி 1986-இல் எழுதிய புகழ்பெற்ற நிரலாக்கப் புத்தகத்தில், சரியென்று நிறுவிக் காட்டிய நிரலிலும் இதே ஓட்டை இருந்தது. 2006-இல் பிளாக்கே முன்வந்து இதை உலகுக்கு விளக்கி எழுதினார். அவருக்கே நேர்ந்தது வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் இருக்கும் இளைஞருக்கு நேராதா?

வரம்பு மீறினால் மறைக்காமல் நிரல் நிற்க வேண்டும் என்றால், நின்றுபோவது மட்டும் பாதுகாப்பா என்று கேட்பவர்கள் ஏரியன் 5 ராக்கெட்டைச் சுட்டுவார்கள். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய அது, சுமார் 40 விநாடிகளில் சிதறியது. 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் கொள்ளவில்லை. அந்த மென்பொருள் அடா மொழியில் எழுதப்பட்டது. அடா மறைக்கவில்லை, உடனே குரல் கொடுத்தது. கேட்டுச் சமாளிக்கத்தான் ஏற்பாடு இல்லை. ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்குக் காப்பு கொடுத்து, செயலியின் சுமையைக் கருதி மூன்றை விட்டுவைத்திருந்தார்கள். அந்த மூன்றும் வரம்பைத் தாண்டாது என்ற கணிப்பு, வேகம் குறைந்த ஏரியன் 4-க்குத்தான் பொருந்தியது. ஆகவே எச்சரிக்கை இருந்தால் போதாது, வந்தால் என்ன செய்வது என்ற திட்டமும் வேண்டும். அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்று ஆகாது. ஏரியனில் காரணத்தை இரண்டு மாதத்துக்குள் விசாரணைக் குழு கண்டுபிடித்து அறிக்கை தந்தது. தவறான எண்ணோடு அமைதியாக ஓடும் கணக்கு மென்பொருளில் தவறு நடந்திருப்பதே தெரியாது.

வழி இல்லாமலும் இல்லை. 2014-இல் வந்த ஜாவா 8, வரம்பு மீறினால் உடனே நிறுத்திப் பிழை அறிவிக்கும் கூட்டல், பெருக்கல், வகைமாற்றச் செயல்முறைகளைத் தந்தது. ஸ்விஃப்ட் மொழியில் சாதாரணக் கூட்டல் குறியே அப்படித்தான் நடந்துகொள்கிறது. சுற்றி வர வேண்டுமென்றால் தனிக்குறி போட வேண்டும். அந்த ஏற்பாடே சரியானது. பணம், மருந்தளவு, மின்கட்டணம் போன்றவற்றைக் கையாளும் ஜாவா நிரல்களில் சோதிக்கும் கூட்டலைக் கட்டாயமாக்கினால், வேகம் குறையும் என்ற பயத்துக்கு இன்று பெரிய அடிப்படை இல்லை. ஜாவாவின் இயக்கச் சூழலே அவற்றைச் செயலியின் நேரடிக் கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. பிளஸ் 2 கணினி அறிவியலில் அவர்கள் படிப்பது பைதான். அதில் முழு எண்ணுக்கு உச்சவரம்பே கிடையாது. நினைவகம் இடம் கொடுக்கும்வரை வளரும். அந்தப் பழக்கத்தோடு கல்லூரிக்கு வந்து ஜாவா எழுதுகிறவர், எண் உடையும் என்று எதிர்பார்க்க மாட்டார். இன்ட் வகையின் அளவு என்ன என்று இரண்டு மதிப்பெண் வினா கேட்பதோடு நிற்காமல், அந்த அளவைத் தாண்டினால் என்ன அச்சாகும், ஏன், எப்படித் தடுப்பது என்று ஆய்வகத்தில் செய்து பார்க்க வைக்க வேண்டும். ஒரு வகுப்பு நேரம் போதும். அதற்குப் புதிய கருவியோ புதிய பாடத்திட்டமோ தேவையில்லை.