சுற்றுப்பாவாடை

ஆடை உடுத்தாதார் இலர். ஆயினும், தாம் உடுத்தும் ஆடை எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தார் சிலரே. அறுந்த பொத்தானைத் தைப்பதற்கும் தையற்காரரை நாடும் மாணவர் பலர். பள்ளிப் பருவத்திலேயே ஒவ்வொருவரும் ஓர் ஆடையேனும் தம் கையால் தைத்துப் பழகுதல் வேண்டும். அதற்கு மிக ஏற்றது சுற்றுப்பாவாடை.

சட்டை தைப்பது எளிதன்று. கழுத்து, தோள் ஆகியவற்றின் வளைவுகளை வெட்டுவதில் சிறிது பிழை நேரினும் துணி வீணாகும். சுற்றுப்பாவாடையோ வளைவற்ற நீண்ட துண்டு. ஒரு முனை மற்றொன்றின்மேல் படியுமாறு இடையைச் சுற்றி நாடாவால் கட்டப்படுவது. அளவு ஓரங்குலம் தவறினும் உடுத்துவோர்க்கு இடரில்லை.

இதற்குப் புதுத்துணி வேண்டுவதில்லை. அன்னையின் பழைய நூற்சேலையில் நையாத பகுதியே போதும். சேலையின் கரை பாவாடையின் கீழ்விளிம்பாக அமையுமாறு வெட்டினால், அவ்விளிம்பை மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. இடை 24 அங்குலமும் இடுப்பு 32 அங்குலமும் உள்ள சிறுமிக்கு, இடுப்பளவோடு அதிற் பாதியைக் கூட்ட, துணியின் நீளம் 48 அங்குலமாகும். அவ்வாறே இடைப்பட்டை 36 அங்குலமாகும். மிகுந்த 12 அங்குலத்தை, ஓரங்குலம் அடங்கும் 12 மடிப்புகளாக்கிப் பட்டையுடன் இணைத்தல் வேண்டும். பக்க ஓரங்களை மடித்துத் தைக்கத் தனியே ஓரங்குலம் வீதம் விடுதல் நன்று. உள்முனை நாடா வெளியே வருவதற்குப் பட்டையில் ஒரு காஜா எடுத்தால் போதும். ஏட்டில் கணக்கிட்டு அலுத்த மாணவர்க்கு இத்துணிக்கணக்கு அலுப்புத் தராது.

கடையில் ஆயத்த ஆடை மலிவாகக் கிடைக்கும்போது இவ்வுழைப்பு எதற்கு என்பர் சிலர். அம்மலிவுக்குள் யாரோ ஒருவரின் கூலி அடங்கியுள்ளது. ஒரு பாவாடைக்காக இரண்டு நாள் முதுகு வளைந்து தைத்தவர், தையற்காரர் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்கத் துணியார். 1937ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைக்குமாறு காந்தியடிகள் வற்புறுத்தியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தையல் பெண்டிர்க்கே உரியது என்பாரும் உளர். ஊர்தோறும் கடை வைத்துத் தைத்து வாழும் ஆடவரைக் கண்ட பின்னரும் அவர் அவ்வாறு கூறுவது வியப்பே. தங்கைக்குப் பாவாடை தைத்துத் தரும் தமையனை ஊரார் சிறிது நகைக்கலாம். பாவாடை நன்கு அமைந்துவிட்டால் அந்நகைப்பு நில்லாது.

வளரும் சிறுமிக்கு இறுகத் தைத்த ஆடை ஓராண்டில் பயனற்றதாகிறது. சுற்றுப்பாவாடையிலோ, அவள் பருக்கும்போது மேற்படியும் பகுதி சிறிது குறையும், அவ்வளவே. பின்னர் அவளுக்கு நீளம் போதாதபோது, அதே பாவாடை தங்கையின் இடையில் இன்னும் சிறிது மிகுதியாகச் சுற்றிக்கொள்ளும்.