மன்னார் வாயுவும் லயத்து அடுப்பும்

மன்னார்க் கடலடியில் எரிவாயு கிடக்கிறது, அதை எடுத்தால் நாட்டின் கடனும் தீரும், வீட்டு அடுப்பும் தடையின்றி எரியும் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். பூனாகலை லயங்களில் கவ்வாத்து மிலாறை எரித்துக் கண் கலங்கும் தாய்மாரின் சார்பில் நாம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும்.

நம் மலைகளில் வாயு இல்லை. பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய தொல்பாறை இது. பாறையின் மேலே சிதைந்து கிடக்கும் மண்தான் 2014இல் மீரியபெத்தையிலும் 2023இல் பூனாகலைக் கபரகலையிலும் லயங்களின்மேல் சரிந்தது. நிலவியல் நமக்கு இவ்வழியாகவே அறிமுகம்!

மன்னார்ப் படுகையோ வேறு வகை. கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின் எச்சம் ஆழத்தின் சூட்டில் வாயுவாகிறது. மணற்கல்லின் நுண்துளைகள் அதை ஏந்துகின்றன. மேலுள்ள களிப்பாறை தப்பவிடாமல் மூடுகிறது. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டும் பயன் கிட்டவில்லை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ, பரகுடா என்னும் இரு கிணறுகளில் வாயுவைக் கண்டது. டொராடோவில் கடற்றரையை எட்டவே 1,354 மீட்டர் நீரைக் கடக்க வேண்டும். செலவுக்கேற்ற இலாபம் தெரியவில்லை; 2015இல் நிறுவனம் வெளியேறிற்று. நாட்டின் தேவை அப்படியேதான் இருந்தது. தேவைக்கும் இலாபத்துக்கும் உள்ள தூரம் கடலாழத்தினும் பெரிது போலும்.

இன்னொன்றையும் மேடையில் மறைக்கின்றனர். சிலிண்டரில் வருவது இறக்குமதியாகும் புரொப்பேனும் பியூட்டேனும். மன்னாரில் இருப்பது பெரும்பாலும் மீதேன். வீட்டுக்கு வீடு குழாய் இல்லாத நாட்டில் அது மின்னிலையத்தையே சேரும். வேதியியல் படிக்கும் நம் மாணவர் அறிந்ததை அமைச்சர்கள் அறியாரா?

2021 அக்டோபர்வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆயிற்று. அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய். ஏறக்குறைய ஐந்து நாள் கொழுந்து பறித்தால் ஒரு சிலிண்டர்! நகரத்தார் வரிசையில் நின்றபோது நாடே அடுப்பைப் பற்றிப் பேசியது. லயத்துப் புகையைப் பற்றி யார் பேசினார்?

நாட்டுக்கு வருமானம் வந்தால் தோட்டத்துக்கும் வாராதா என்பர் சிலர். தேயிலை ஒன்றரை நூற்றாண்டாய் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது. ஈட்டியவர் இன்னும் லயத்தில்தான் இருக்கின்றனர். ஆகவே அடுத்த நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதுமுன், வாயுவின் வருவாயில் தோட்டத்து அடுப்புக்கு எவ்வளவு, மன்னார் மீனவருக்கு எவ்வளவு என்பதைச் சட்டத்தில் எழுதட்டும். அதுவரை இந்த முழக்கத்துக்குக் கைதட்ட நாம் தயாரில்லை.