நோய் வேறு, குற்றம் வேறு

சீன தேசத்துப் பல்கலைக்கழகங்களிலே மருத்துவமும் பிற கலைகளும் பயிலச் செல்லும் மாணாக்கர் நம் நாட்டிலும் உளர். பாடநூல் கைக்கு வருமுன்னரே அவர்தம் கைக்கு வருவது ஒரு படிவம். அயல்நாட்டவர்க்குரிய உடற்பரிசோதனைப் படிவம் அது. ஆறு மாதத்துக்கு மேற்பட்டுக் கற்க விழைவோர் அதனை வைத்தியரைக் கொண்டு நிரப்புவித்தல் வேண்டும். குருதிச் சோதனை, நெஞ்சின் எக்ஸ் கதிர்ப் படம், இருதயத் துடிப்பின் மின்பதிவு முதலியன அதன்கண் அடங்கும். வைத்தியரின் ஒப்பம், வைத்தியசாலையின் முத்திரை, புகைப்படத்தின் மேற் பதித்த முத்திரை என்னும் மூன்றில் ஒன்று குறையினும் படிவம் செல்லாது. சோதனை முடிவும் ஆறு மாதத்துக்கே செல்லும். 180 நாளுக்கு மேற்பட்ட கல்விக்கு வழங்கும் விசாவுடன் அந்நாடு புகுந்தோர், 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கும் விண்ணப்பித்தல் வேண்டும்.

இத்துணைக் கெடுபிடி எதற்கு என்று சினப்பாரும் உளர். யான் அக்கட்சியினன் அல்லேன். விருந்தினரை ஏற்கும் இல்லத்தார் தம் மக்களின் நலத்தையும் பேணக் கடமைப்பட்டோரே. பல நூற்றுவர் ஒரே விடுதியில் உறங்கி, ஒரே கூடத்தில் உண்ணுமிடத்துக் கசநோய் ஒருவரிடமிருந்து பலர்க்குப் பரவுதல் எளிது. அதனை முன்னறிந்து தடுத்தல் அரசின் நீதியேயாம்.

எனினும், சொல்லாராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அப்படிவத்தின் ஒரு தலைப்பு நெஞ்சை உறுத்துகின்றது. அதன்கண் நோய்கள் இரு வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. முதல் வரிசையில் நெருப்புக்காய்ச்சல், இளம்பிள்ளை வாதம், வயிற்றுளைவு, ஈரலழற்சி முதலியன உள. இவை முன்னர் வந்தனவா என்பது வினா. இரண்டாம் வரிசையிலோ போதைப்பொருட் பழக்கமும், மனக்குழப்பமும், சித்தப் பிரமையின் வகைகளும் இடம்பெறுகின்றன. அவ்வரிசைக்கு இட்ட தலைப்பு, பொது ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் ஊறு விளைக்கும் நோய்கள் என்பதாம். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என விடை இறுத்தல் வேண்டும்.

நெருப்புக்காய்ச்சல் கண்டவன் நோயாளி. மனம் கலங்கியவன் மட்டும் பொது ஒழுங்கின் பகைவனா? உடல் நோயை நோயென்று அழைத்த படிவம், மனநோயைக் குற்றத்தின் அயலிலே குடியிருத்திவிட்டது. 2013ஆம் ஆண்டு ஜூலை 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சீனத்துக் குடிவரவுச் சட்டம் விசா மறுத்தற்குரிய காரணங்களுள் கடுமையான மனநோயைக் குறிக்கின்றது. கடுமையான என்னும் அவ்வடை படிவத்தின் மனக்குழப்பத்துக்கு இல்லை. அடைமொழி ஒன்று விடுபட்டால் பொருள் எத்துணை விரியும் என்பதை இலக்கணம் கற்றார் அறிவர்.

இதனால் விளைவது யாது? பத்தொன்பது வயதுப் பிள்ளை இல்லை என்று எழுதிவிட்டுச் செல்கின்றான். மொழி புதிது, குளிர் கொடிது, பாடச் சுமையோ பெரிது. உறக்கம் இழந்து உள்ளம் சோரும் நாளில் அவன் வைத்தியரை நாட அஞ்சுவானன்றோ? தன் துயரைச் சொன்னால் அது நோய்க்குறிப்பாகாமல் பொலிஸ் குறிப்பாகிவிடும் என்று அவன் எண்ணினால், அவ்வெண்ணத்தை விதைத்தது அத்தலைப்பேயாம். மறைக்கப்பட்ட நோய் முற்றும். முற்றிய நோய் உயிரையும் வௌவும். பாதுகாப்பை நாடிய விதி பாதுகாப்பின்மையையே விளைவிக்கும்.

இவ்விதி மாறாததன்று. எச்.ஐ.வி. தொற்றுடையோரும் தொழுநோயாளரும் சீனத்துட் புகுதற்கிருந்த தடை 2010ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. உடல் நோயைப் பற்றிய அச்சம் அறிவால் நீங்கியவாறே, மனநோயைப் பற்றிய அச்சமும் நீங்குதல் கூடும். நாமும் தூயரல்லேம். பைத்தியம் என்பதை வசைச்சொல்லாக வழங்கும் வீடுகளிலிருந்தே நம் பிள்ளைகள் புறப்படுகின்றனர். ஆதலின் ஆசிரியர்காள், அவர்களை வழியனுப்பும்போது முத்திரையும் திகதியும் சரிதானா என்று பார்ப்பதோடு அமையாதீர். மனம் நோதல் இழிவன்று என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலிக் கல்வெட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனத் தளபதி செங் ஹோ கொணர்ந்த அக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் உள. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாரைப் போற்றுகின்றது. பிறர் மனமறிந்து சொல்லெடுத்து அதனைக் கல்லிலும் பொறித்த மக்களுக்கு, தாளில் உள்ள ஒரு தலைப்பை மாற்றுதல் அரிதன்று.