முழு உடை தைக்கத் தெரியுமா?



தாம்பரம் சானடோரியத்தில் 1984-ஆம் ஆண்டு தோன்றிய ஏற்றுமதி வளாகத்தை நம் பகுதியார் 'மெப்ஸ்' என்றே அழைப்பர். அங்குள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் பணி புரிந்து, பின்னர் குழந்தைகளுக்காக வேலையை விட்டு இல்லத்தில் இருக்கும் சகோதரியர் நம் பங்குகளில் பலர். "தையல் தெரியுமன்றோ?" என்று வினவினால், "கை மட்டும் வைப்பேன் ஃபாதர், முழு உடை தைத்ததில்லை" என்பர். ஒருவர் தோளை இணைப்பார், மற்றொருவர் கையைப் பொருத்துவார். ஆலையின் முறை அது. ஆனால் ஆலையை விட்டு வந்தபின், பத்தாண்டு உழைத்த கை தனக்கென ஒரு தொழில் இல்லாமல் நிற்கிறது.

இச்சகோதரியர்க்கு ஒன்றைச் சொல்வேன். பனியன் துணி ஊசியின் கீழ் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெரு முனைத் தையற்காரரினும் நீங்கள் நன்கு அறிவீர்கள். உங்களிடம் இல்லாதது முழு உடையின் வரைபடம் ஒன்றே. அதை விலைக்கு வாங்கலாம். 'பேட்டர்ன்' எனப்படும் தாள் மாதிரி அதுவே. (உடலைப் பற்றினாற்போல் அமையும் உடையைக் குறித்துப் பங்குத்தந்தை கண்டனம் எழுதுவார் என எதிர்பார்த்தோர் இப்பக்கத்தைப் புரட்டிவிடலாம்.)

நம் தையற்காரர் அளவு ரவிக்கையை வாங்கி வைத்து, துணியின் மீதே சாக்குக் கட்டியால் கோடிட்டு வெட்டுவார். மேல்நாட்டு வழக்கம் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர், பல அளவுகளில் வெட்டிய தாள் மாதிரிகளை 1863-இல் விற்கத் தொடங்கினார். இன்று அத்தகைய மாதிரியைக் கணினிக் கோப்பாக வாங்கி, ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். தாளில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அதை முதலில் அளந்து பாருங்கள். கடைக்காரர் பக்கத்திற்கு அடங்கும்படி சுருக்கி அச்சிட்டிருந்தால் உடை முழுதும் சிறுத்துவிடும்.

மாதிரியின் மேல் 14, 16 என்று எண் இருக்கும். "இவ்வளவு பெரிய சைஸா!" என்று மகளின் காதுபடச் சொல்லும் தாய்மாரே, சற்றுப் பொறுங்கள். அது அந்நிறுவனம் தன் அட்டவணைக்கு இட்டுக்கொண்ட எண். கடை உடையின் எண்ணோடு அதற்கு உறவில்லை. வளரும் பெண் இத்தகைய சொல்லை நெடுநாள் மறப்பதில்லை. இஞ்ச் டேப்பினால் மார்பு, இடை, இடுப்பு மூன்றையும் அளந்து, அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். மார்புக்கு ஓர் அளவும் இடுப்புக்கு வேறோர் அளவும் வருமாயின், ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குச் சாய்வாக வரைந்து இணைக்கலாம்.

உயரமே நமக்குப் பெரிய இடர். அமெரிக்க மாதிரிகள் பொதுவாக ஐந்தடி ஐந்து அங்குலத்தை ஒட்டிய பெண்ணுக்கு வரையப்படுபவை. நம் பெண்களில் பலர் ஐந்தடியை ஒட்டியவர்கள். அப்படியே வெட்டினால் இடை இறங்கி இடுப்பில் நிற்கும். பிடரி எலும்பிலிருந்து இடை வரை அளந்து, மிகுதியை இடைக்கு மேலேயே தாளை மடித்துக் குறைக்க வேண்டும். கீழ்விளிம்பில் மட்டும் வெட்டிப் பயனில்லை. தையலுக்கு விடும் துணியையும் கவனியுங்கள்: பட்டரிக், சிம்ப்ளிசிட்டி போன்றவற்றில் எட்டில் ஐந்து, அதாவது 5/8 அங்குலம், சேர்த்தே வரைந்திருப்பர், ஜெர்மானிய 'புர்டா' இதழின் மாதிரிகளில் நாமே சேர்க்க வேண்டும்.

இனித் துணி. நெய்த துணி பாவும் ஊடும் கொண்டது. பின்னல் துணியோ கண்ணிக்குள் கண்ணி கோத்தது, ஆகவே இழுபடுகிறது. திருப்பூரில் அதை மீட்டரால் அன்றிக் கிலோவால் விற்கின்றனர். பருத்திப் பின்னல் சுருங்கும். வெட்டுமுன் ஒருமுறை துவைத்து உலர்த்திவிடுங்கள். பின்பு துணியைக் குறுக்காகப் பத்து சென்டிமீட்டர் பிடித்து இழுத்துப் பாருங்கள். பதினைந்து வரை எளிதில் வந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பினால் நல்ல துணி. தொய்ந்து நின்றால் அந்தத் துணி வேண்டா. மாதிரி கேட்கும் இழுவை துணியில் இல்லையேல் உடை தலைவழியே இறங்காது. முப்பத்தாறு அங்குல மார்புக்குத் தாளில் முப்பத்துநான்கே வருவதைக் கண்டு திருத்தப் புகாதீர்கள். ரவிக்கைக்கு டாட் பிடித்துச் செய்யும் வேலையை இங்கு இழுவையே செய்துவிடும்.

ஊசி, பால் பாயிண்ட் எனப்படும் உருண்டை முனையுடையதாக இருக்கட்டும். மெல்லிய துணிக்கு எண் 11, தடித்ததற்கு 14. கூர்முனை ஊசி கண்ணியை அறுக்கும், சலவைக்குச் சலவை துளை பெரிதாகும். ஜிக்ஜாக் போடும் இயந்திரம் நன்று. வீட்டிலுள்ள மிதி இயந்திரம் நேர்த்தையல் மட்டுமே போடுமாயின், பாலியெஸ்டர் நூல் கோத்து, துணியைச் சற்றே இழுத்துப் பிடித்துத் தைக்கலாம். ஓரத்தை ஓவர்லாக் கடையில் கொடுத்து முடிக்கலாம். தோள் தையலில் மட்டும் மெல்லிய நாடா ஒன்றை வைத்துத் தையுங்கள். முழு உடையின் எடையும் அங்கேதான் தொங்குகிறது.

முதல் உடையைப் புதுத் துணியில் தைக்க வேண்டா. விலை மலிந்த பனியன் துணியில் ஒன்று தைத்து அணிவித்துப் பாருங்கள். மூலத் தாளையும் வெட்ட வேண்டா. பழுப்புத் தாளில் படியெடுத்து, திருத்தங்களைக் குறித்து, யாருடைய அளவு, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்தார் தைக்கக் கொடுக்கத் தொடங்கும்போது, ஆளுக்கொரு படியாக அத்தாள்கள் அலமாரியில் சேர்ந்துகொண்டே இருக்கும்.